முழுச்சட்டக் காமிராவும் அதற்கேற்ற லென்ஸும்

தங்கவயலிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மையை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுரங்கத்தினின்று மேலே வந்த பாறையெல்லாம் பொன்னாக இருந்ததில்லை. அதனை உடைத்து, மாவாக அரைத்து, மருந்திட்டுப் பிரித்த பின்னரே சிறிது பொன் கிடைத்தது; எஞ்சிய மண் மலை மலையாகக் குவிந்து இன்றும் நம் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றது. விலையுயர்ந்த காமிரா வாங்குவதும் இத்தகையதே. கருவி கைக்கு வந்துவிட்டதனால் மட்டும் நல்ல படம் கிடைத்துவிடாது. அதன் முகப்பில் எந்த லென்ஸை மாட்டுகின்றோம், அதனை எவ்வாறு ஆளுகின்றோம் என்பதைப் பொறுத்தே பயன் அமைகின்றது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம் இளைஞர் பலர் மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன்னரே ரயிலேறிப் பெங்களூரு சென்று, உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்களுள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு முதலியவற்றிற்குப் படமெடுத்துக் குடும்ப வருவாய்க்குத் துணை செய்கின்றனர். "அண்ணா, புல் பிரேமுக்கு மாறலாமென்றிருக்கிறேன், எந்த லென்ஸ் வாங்குவது?" என்று இத்தகைய தம்பிமார் நம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு. நாம் இக்கலையை முறையாகப் பயின்றவரல்லோம். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் காமிராவைத் தூக்கிச் சென்று, பட்டுத் தெரிந்துகொண்டவர். அந்தப் பட்டறிவை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முழுச்சட்டம் என்பது யாது?

சினிமாவுக்கென ஏற்பட்ட 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளைக் கொண்டு, கையடக்கமான புகைப்படக் கருவி ஒன்றை அமைக்க எண்ணியவர், ஜெர்மனியில் லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக். சினிமாவின் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி, 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சட்டத்தை அவர் கொண்டார். அந்தக் கருவியே 1925-இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. பின்னர் முக்கால் நூற்றாண்டுக் காலம் நம் வீட்டுத் திருமணப் படங்களுள் மிகப்பல இந்த அளவிலேயே பதிவாயின.

படச்சுருள் மறைந்து டிஜிட்டல் காமிரா வந்தபொழுது, அவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வதற்குச் செலவு மிகுதியாயிற்று. ஆகையால் அதனிற் சிறிய சென்சார்களே பெரும்பாலான காமிராக்களில் அமைந்தன. இவற்றைக் கடைக்காரர்கள் 'கிராப்' காமிரா என்கின்றனர். பழைய 36-க்கு 24 அளவையே உடைய காமிராவைப் 'புல் பிரேம்' என்கின்றனர். நாம் முழுச்சட்டம் என்போம். கேனான் நிறுவனம் 2002-இலும், நிக்கான் நிறுவனம் 2007-இலும் இத்தகைய டிஜிட்டல் காமிராக்களை வெளியிட்டன. உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' வகையில் முழுச்சட்டத்தைச் சோனி 2013-இலும், நிக்கான், கேனான் இரண்டும் 2018-இலும் கொணர்ந்தன.

முழுச்சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நிக்கான், சோனி ஆகியவற்றின் கிராப் சென்சாரைப்போல் இது ஏறக்குறைய 2.3 மடங்கு; கேனானின் கிராப் சென்சாரைப்போல் 2.6 மடங்கு. பரப்புப் பெரிதாதலின் வாங்கும் ஒளியும் பெரிது. மாலை வெளிச்சத்திலும் மண்டப விளக்கிலும் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் மாசு குறைகின்றது. முழுச்சட்டத்தின் முதன்மையான நன்மை இதுவே.

சன்னலும் பார்வையும்

லென்ஸ்களுக்கு 18, 35, 50, 85 என எண்கள் இடப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். அது குவியத் தூரம். எண் சிறியதானால் பார்வை விரியும். பெரியதானால் பார்வை குறுகித் தொலைவிலுள்ள பொருள் அருகில் தோன்றும். காமிரா மாறினாலும் லென்ஸின் எண் மாறுவதில்லை. ஆனால் பார்வை மாறுகின்றது. லைன் வீட்டின் சிறு சன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்று தெருவைப் பார்ப்போம். அதே இடத்தில் நின்று பெரிய சன்னல் வழியே பார்த்தால் தெரு இன்னும் விரிவாகத் தெரியுமன்றோ? அவ்வாறே, ஒரே லென்ஸ் முழுச்சட்டத்தில் விரிந்த பார்வையைத் தரும்.

இதற்குரிய கணக்கு எளிது. கிராப் காமிராவில் பயன்படுத்திய எண்ணை நிக்கான், சோனியானால் 1.5-ஆலும், கேனானானால் 1.6-ஆலும் பெருக்க வேண்டும். வருகின்ற எண்ணே முழுச்சட்டத்தில் அதே பார்வையைத் தரும் லென்ஸின் எண். நிக்கான் கிராப் காமிராவுடன் வந்த 18–55 லென்ஸின் பார்வை, முழுச்சட்டத்தில் 27–82 லென்ஸின் பார்வைக்கு ஒப்பாகும். அங்கு 35 லென்ஸால் செய்த வேலையை இங்கு 50 செய்யும். அங்கு முகப்படத்துக்கு 50 வைத்திருந்தவருக்கு இங்கு 85 வேண்டும். 75 என்று லென்ஸ் அரிதாதலின் 85-ஐக் கொள்வதே வழக்கம்.

பழைய லென்ஸ்கள் என்னவாகும்?

மாறுபவர் முதலில் ஆராய வேண்டியது இது. கிராப் காமிராவுக்கென்றே செய்த லென்ஸ், சிறிய வட்டத்துக்கு மட்டுமே ஒளியைப் பரப்பும். முழுச்சட்டத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும். நிக்கானில் 'டி.எக்ஸ்.' என்ற எழுத்துள்ளவை இவ்வகை. அவற்றை முழுச்சட்டக் காமிராவில் மாட்டலாம். ஆனால் காமிரா தானே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கொடுத்து வாங்கிய கருவி சற்றேறக்குறைய 10 மெகாபிக்சல் படமே தரும். சோனியிலும் நிலை இதுவே. கேனானின் 'ஈ.எப்.-எஸ்.' லென்ஸ்களோ பழைய கண்ணாடி வகை முழுச்சட்டக் காமிராவில் பொருந்தவே மாட்டா. மிரர்லெஸ் வகையில் இணைப்பு வளையம் வைத்துப் பொருத்தினால் படம் வெட்டுண்டே வரும்.

எனவே, காமிராவின் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குச் செல்பவர், வீட்டிலுள்ள லென்ஸ்களை முதலில் மேசைமேல் பரப்பி, எழுத்துக்களைப் படித்துப் பார்க்க வேண்டும். எவை உடன்வரும், எவை நின்றுவிடும் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முழுச்சட்ட லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் மாறுவது எளிது. ஒன்றும் இல்லையேல், உண்மையில் அவர் வாங்கப்போவது ஒரு காமிராவன்று. ஒரு புதிய குடித்தனம்.

முதலில் கணக்கெடுங்கள்

எந்த லென்ஸ் வேண்டும் என்று பிறரைக் கேட்பதற்கு முன், நம் பழைய படங்களையே கேட்கலாம். டிஜிட்டல் காமிரா எடுத்த ஒவ்வொரு படத்தினுள்ளும் எந்தக் குவியத் தூரம், எந்தத் துவாரம் என்பன பதிவாகியிருக்கும். கணினியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் காணலாம். சென்ற ஓராண்டில் நாம் தேர்ந்து வைத்த படங்களை, பிறர் காசு கொடுத்துப் பெற்ற படங்களை, ஓர் இருநூறு எடுத்து, எண்களை நோட்டில் குறித்துப் பாருங்கள். நாம் அவ்வாறு குறித்தபொழுது வியப்படைந்தோம். தூரப் பார்வை லென்ஸ் இல்லாமல் நம் கலை நிறைவுறாது என்று பல காலம் ஏங்கியிருந்தோம். ஆனால் நம் படங்களில் மிகுதியானவை 24-க்கும் 35-க்கும் இடையிலேயே அமைந்திருந்தன. 1.5-ஆல் பெருக்கினால் 36-க்கும் 52-க்கும் இடை. நமக்கு வேண்டியிருந்தது ஒரு 50 லென்ஸே. நோட்டும் பென்சிலும் நமக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்தின.

யாருக்கு எந்த லென்ஸ்?

வீட்டு விசேடங்களையும் குழந்தைகளையும் படமெடுப்பவருக்கு 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றே முதலில் போதும். எல்லா நிறுவனத்தாரும் இதனைச் செய்கின்றனர். பழைய கண்ணாடி வகைக் காமிராக்களுக்குரியது 200 கிராமுக்கும் குறைவான எடையே உடையது. முழுச்சட்ட லென்ஸ்களுள் விலை மிகக் குறைந்தவற்றுள் ஒன்று.

திருமணம் எடுப்பவருக்கு ஒரே இடத்தில் நின்று விரிக்கவும் குறுக்கவும் வல்ல ஜூம் லென்ஸ் தேவை. 24–70 எஃப் 2.8 வாங்காவிடில் தொழிலே நடவாது என்று பலர் சொல்லுவர். இது ஆராயத்தக்கது. கிராப் காமிராவில் 17–50 எஃப் 2.8 லென்ஸ் வைத்து இத்தனை நாள் நல்ல படம் எடுத்தவர், முழுச்சட்டத்தில் 24–105 எஃப் 4 வைத்தாலே அதே அளவு தெளிவும், அதே அளவு பின்புல மங்கலும், மாசிலும் அதே நிலையும் பெறுவர். சென்சாரின் பரப்பு அந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடுகின்றது. எஃப் 4 லென்ஸ் விலையும் குறைவு. எட்டும் தூரமும் மிகுதி. முன்னிருந்ததைவிட மேலான நிலை வேண்டுவோர்க்கே எஃப் 2.8. அதன் எடை பெரும்பாலும் 700 முதல் 900 கிராம் வரை. விடியற்காலை முகூர்த்தம் முதல் பந்தி முடியும் வரை கழுத்தில் தொங்கப்போவது நம் கழுத்திலேதான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கவயலின் ஷாப்டுக் கோபுரங்களையும், மண்மேடுகளையும், லைன் வீடுகளின் குறுகிய உட்புறத்தையும் பதிவு செய்ய விரும்புவோர்க்கு 20 அல்லது 24 மில்லிமீட்டர் ஏற்றது. முழுச்சட்டம் தன் விரிவைக் காட்டும் இடம் இது. முகங்களை எடுப்போர்க்கு 85 எஃப் 1.8 சிறந்தது.

பேத்தமங்கலம் ஏரியில் பறவை பார்க்கும் நண்பர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கிராப் காமிராவில் 300 லென்ஸ் 450-இன் பார்வை தந்தது. முழுச்சட்டத்தில் அது வெறும் 300 ஆகிவிடும், பறவை சிறுத்துப்போகும். அதனை ஈடுசெய்யும் பெரிய லென்ஸின் விலையோ மலைக்க வைக்கும். இவர்கள் மாறாதிருப்பதே நன்று. மாறினாலும் பழைய கருவியை விற்றுவிடலாகாது. தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்டு பெங்களூரில் வாழ்ந்து, காட்டுயிர்ப் படங்களால் உலகப் புகழெய்திய டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) படச்சுருள் காலத்திலேயே சாதனை புரிந்தவர். லென்ஸ் எட்டாத தொலைவைப் பொறுமை எட்டும் என்பதற்கு அன்னார் போன்றோரின் வாழ்வே சான்று.

நாம் செய்த பிழை

இனி, நம் பிழை ஒன்றையும் மறைக்காமற் சொல்லுதல் கடமையாகும். முழுச்சட்டக் காமிராவும் 50 எஃப் 1.8 லென்ஸும் வாங்கிய சில நாட்களில், சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பன்னிருவர் ஒரு நிகழ்ச்சியில் ஒன்றுகூடினர். முன்வரிசையில் நால்வர் அமர, பின்னே இரு வரிசைகளில் எண்மர் நின்றனர். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. புதிய லென்ஸ் கையிலிருக்கும் மகிழ்ச்சியில், துவாரத்தை எஃப் 1.8-க்கு முற்றும் திறந்து, முன்வரிசையில் குறிவைத்து எடுத்தோம். காமிராவின் சிறு திரையில் படம் பளிச்சென்று இருந்தது.

நான்கைந்து மாதங்களில் அப்பன்னிருவருள் ஒருவர் காலமானார். அவருடைய மகள் வந்து, "அண்ணா, அப்பா நன்றாகச் சிரித்திருக்கும் படம் அது ஒன்றுதான், பெரிதாக்கிக் கொடுங்கள்" என்றார். பெரிதாக்கிப் பார்த்தோம். முன்வரிசையில் மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணத் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் நின்ற அப்பெரியவரின் முகமோ பனியில் நனைந்ததுபோல் மங்கிக் கிடந்தது. அவ்வம்மையாருக்கு என்ன விடை சொல்வதென்று தெரியாமல் தலை குனிந்தோம்.

காரணம் யாது? பழைய 18–55 லென்ஸ் அவ்வளவு அகலத் திறக்கவே திறக்காது. ஆதலின் அந்தப் பிழைக்கு வழியே இருந்ததில்லை. முழுச்சட்டத்தில் 50 லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, நாலேகால் மீட்டர் தொலைவில் குறிவைத்தால், குறிக்குப் பின்னே அரை மீட்டருக்கும் குறைவான ஆழமே தெளிவாக இருக்கும். மூன்றாம் வரிசை அதற்கும் அப்பால் நின்றது. துவாரத்தை எஃப் 5.6-க்குச் சுருக்கி, நடு வரிசையில் குறிவைத்திருந்தால், முன்னும் பின்னுமாக இரண்டரை மீட்டர் ஆழம் தெளிந்து, பன்னிருவரும் விளங்கியிருப்பர். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும், உண்மைதான். ஐ.எஸ்.ஓ. 640-ஐ 6400 ஆக்கியிருந்தால் அது சரியாகிவிடும். அவ்வளவு உயர்த்தினாலும் படம் கெடாதிருப்பதற்காகவே அன்றோ முழுச்சட்டக் காமிரா வாங்கினோம்? பின்புலம் மங்கும் அழகைத் தேடி, ஒரு மனிதரின் முகத்தை மங்கவைத்துவிட்டோம். எஃப் 1.8 ஒருவரை எடுக்க. ஊரை எடுக்க எஃப் 5.6 அல்லது எஃப் 8 என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

பெட்டியில் உறங்கும் பழைய லென்ஸ்

தந்தையோ மாமனோ வைத்திருந்த பழைய படச்சுருள் காமிரா ஒன்று சில வீடுகளில் டிரங்குப் பெட்டியில் உறங்குகின்றது. அதன் லென்ஸ் கழற்றக்கூடியதானால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர். அது 36-க்கு 24 சட்டத்துக்கே செய்யப்பட்டது. ஆதலின் இன்றைய முழுச்சட்டத்தின் மூலைவரை ஒளியைப் பரப்பும். கிராப் காமிராவில் முடங்கியிருந்த அதன் முழுப் பார்வை இங்கு மீண்டும் கிடைக்கும்.

நிக்கானின் பழைய அமைப்பில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர், கேனானின் ஈ.எப். அமைப்பில் 44. மிரர்லெஸ் வகையில் இது சோனிக்கு 18, நிக்கானுக்கு 16, கேனானுக்கு 20 மட்டுமே. இடைவெளி மிச்சமிருப்பதால் இணைப்பு வளையம் ஒன்றைச் செருகிப் பழைய லென்ஸைப் பொருத்த முடிகின்றது. கையால் திருகித் தெளிவுபடுத்த வேண்டும்; பொறுமையுள்ளவர்க்கு அது குறையன்று. 1987 முதல் வந்த கேனான் ஈ.எப். லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், கேனானின் வளையம் வைத்தாலும் அவை தாமே தெளிவுபடுத்திக்கொள்ளும். ஆனால் மோட்டாரில்லாத பழைய நிக்கான் 'ஏ.எப்.-டி.' லென்ஸ்கள், நிக்கானின் எஃப்.டி.இஸட். வளையத்தில் தாமே தெளிவுபடுத்த மாட்டா. பழைய பொருள் வாங்குவோர் ஏமாறும் இடம் இது.

கைமாறிய லென்ஸ் வாங்குவோர்க்கு

நம்மில் பலர் பெங்களூரு சென்று கைமாறிய லென்ஸையே வாங்குகின்றோம். அதில் இழிவு ஒன்றுமில்லை. விழிப்பு மட்டும் வேண்டும். லென்ஸின் பின்புறமிருந்து டார்ச்சு விளக்கைச் சாய்வாகக் காட்டி, முன்புறம் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழையோடியிருந்தால் அது பூஞ்சை. வேண்டாம் என்று வைத்துவிடுக. இரண்டொரு தூசி இருப்பதால் கெடுதி இல்லை. முன் கண்ணாடியின் சிறு கீறலைவிடப் பின் கண்ணாடியின் கீறல் தீயது. செங்கற் சுவர் ஒன்றை நேராக நின்று, துவாரத்தை முற்றும் திறந்து ஒரு படமும், எஃப் 8-இல் ஒரு படமும் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம். இச்சோதனையைக் கிராப் காமிராவில் செய்து பயனில்லை. மூலைகள் அதில் பதிவதேயில்லை. முழுச்சட்டக் காமிராவையே உடன்கொண்டு செல்லல் வேண்டும்.

வாங்கிய லென்ஸைத் தோலுறையில் மூடி அலமாரியின் மூலையில் வைக்கலாகாது, ஈரம் தங்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் இட்டு வைத்து, மாதம் இருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துக.

பணமும் தேவையும்

காமிராவுக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் லென்ஸுக்கு ஒன்றரைப் பங்கு ஒதுக்குவது நாம் கண்ட முறை. காமிராவின் விலை ஆண்டுக்காண்டு சரியும். நல்ல லென்ஸ் பல காமிராக்களைக் கண்டு வாழும். படக்கோப்புகள் பெருத்துவிடும்; சேமிக்கும் வட்டும் பாட்டரியும் வேறு செலவு. தாயின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் காமிரா வாங்குவதை நாம் ஒருபோதும் ஒப்போம். பொன் விளைந்த ஊரில் நம்மவர் வீட்டில் எஞ்சியிருக்கும் பொன் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். பெரிய லென்ஸ் ஆண்டில் நான்கு நாள் மட்டும் தேவைப்படுமாயின் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பதே அறிவுடைமை. கைப்பேசியில் அனுப்பிப் பார்ப்பதற்காக மட்டும் படமெடுப்போர் மாறவே வேண்டுவதில்லை. அந்தச் சிறு திரையில் இரு காமிராக்களுக்கும் வேறுபாடு தோன்றாது.

மாறித்தான் ஆகவேண்டும் என்று துணிந்தவர்க்கு நாம் சொல்வது இது: யாரை, எதை, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகின்றோம் என்பதை முதலில் முடிவு செய்க, அதற்குரிய லென்ஸைத் தேர்க, அந்த லென்ஸைத் தாங்கும் காமிராவைக் கடைசியில் வாங்குக.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, பூமிக்கடியில் உழைத்த தலைமுறையின் முகங்கள் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. சென்ற பொங்கலுக்குப் பின் ஒரு ஞாயிறன்று, அந்தப் பன்னிருவருள் எஞ்சிய பதினொருவரையும் மீண்டும் வரவழைத்தோம். எஃப் 5.6-இல், நடு வரிசையில் குறிவைத்து, ஒன்றாக ஒரு படம் எடுத்தோம். பின்னர் ஒவ்வொருவரையும் சன்னலோரம் அமர்த்தி, அதே 50 லென்ஸால், எஃப் 4-இல், தனித்தனியே ஒரு படம் எடுத்தோம். பதினொரு வீடுகளுக்கும் படங்களைச் சட்டமிட்டுக் கொடுத்தாயிற்று. அந்த மகளின் வீட்டுக்கு மட்டும் மங்கலான படத்தைச் சிறிய அளவிலேயே கொடுக்க நேர்ந்தது. அன்பர்கள் தம் கையிலுள்ள காமிரா எதுவாயினும், லென்ஸ் எதுவாயினும், வரும் ஞாயிறன்றே தம் வீட்டுப் பெரியவர்களைச் சன்னலோரம் அமர்த்தித் தெளிவாக ஒரு படம் எடுத்து வைப்பார்களாக.